ஊருக்கு வரும் கண்ணாடி இழை வடம்

(வல்லத்திராக்கோட்டைப் பகுதி விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

விதை, எரு, மண், நீர் ஆகியவற்றைப் பற்றியே எழுதப்பெறும் இப்பக்கங்களில் செய்தி செல்லும் வடத்தைப் பற்றி ஒரு கட்டுரை வருவது வாசகர்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் பட்டா நகல், பயிர்க் காப்பீட்டுப் பதிவு, மானிய விண்ணப்பம், சந்தை விலை, மழை முன்னறிவிப்பு ஆகிய யாவும் இக்காலத்தில் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. அந்த இணையத்தைக் கிராமத்துக்குக் கொணரும் வடமோ, நமது வரப்பின் ஓரத்திலும், கண்மாய்க் கரையிலும், வாய்க்காலின் குறுக்கிலும், நம் வயலில் நிற்கும் மின்கம்பங்களின் மீதுமே செல்லவேண்டியிருக்கிறது. ஆகையால் அவ்வடம் எத்தகையது, எவ்வாறு தடம் வகுக்கப்படுகிறது, எவ்வாறு இடப்படுகிறது என்பனவற்றை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

யாம் இங்கு வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கண்ணாடி இழை வடம் தானாகக் கெட்டுப்போவது அரிது. தடம் சரியாகப் பார்க்கப்படாத இடத்தில்தான் அது பெரும்பாலும் அறுபடுகின்றது. எந்த வாய்க்கால் ஆண்டுதோறும் தூர் வாரப்படுகிறது, எந்தக் கரை மழையில் சரிகிறது, எவ்வழியாக அறுவடை இயந்திரம் வருகிறது என்பவற்றைச் சர்க்கார் வரைபடம் சொல்லாது, ஊரார் சொல்லுவர். ஆகவே தடம் பார்க்க வருபவருடன் ஊரார் ஒருமுறை நடந்து செல்வாராயின், பின்னர் நேரக்கூடிய பல நஷ்டங்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

திட்டத்தின் வரலாறு

இந்தியாவிலுள்ள கிராம ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழை வடத்தினால் இணைப்பதற்கான திட்டத்தை மத்திய மந்திரி சபை 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கீகரித்தது. அப்பொழுது தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்று வழங்கிய அத்திட்டம் பின்னர் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் முதற்கட்டம் முடிவுற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இணைக்கப்பட்டன. இரண்டாங் கட்டத்தில் சில மாகாணங்கள் வேலையைத் தாமே ஏற்று நடத்தின. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. டான்பிநெட் என வழங்கும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் இப்பொறுப்பை ஏற்று, 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கத் திட்டம் வகுத்தது. வேலை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் அளவுள்ள இணைப்பு அளிப்பது இதன் நோக்கமாகும். புதுக்கோட்டை ஜில்லாவில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் 497 கிராம ஊராட்சிகளும் இத்திட்டத்திற்கு உட்பட்டவை. ஆலங்குடி தாலூகாவைச் சேர்ந்த நமது வல்லத்திராக்கோட்டைப் பகுதியும் இவற்றில் அடங்கும்.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வடத்தில் நூற்றுக்கு 85 பங்கு மின்கம்பங்களின் வழியாகவும், 15 பங்கு மட்டுமே தரை வழியாகவும் செல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. கம்பத்தின் வழியே கட்டுவது விரைவாகவும் குறைந்த செலவிலும் முடியும். சாலையைத் தோண்ட வேண்டுவதில்லை. ஆனால் காற்றுக்கும் மரக்கிளைக்கும் நெருப்புக்கும் அது இலக்காகின்றது. இவ்விரண்டு வகைகளின் குணதோஷங்களையும் பின்னர்க் கூறுவோம்.

வடத்தின் அமைப்பு

செப்புக் கம்பியில் மின்சாரம் ஓடிச் செய்தியைக் கொண்டு செல்லுகிறது. கண்ணாடி இழையிலோ ஒளியே செய்தியைச் சுமந்து செல்லுகிறது. மிகத் தூய்மையான கண்ணாடியைத் தலைமயிர் அளவான நூலாக இழுத்து இதனைச் செய்கின்றனர். அந்நூலின் குறுக்களவு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவிலுள்ள 9 மைக்ரான் அளவான உட்கருவிலேயே ஒளி செல்லுகின்றது. உட்கருவைச் சூழ்ந்த கண்ணாடி சற்றே வேறு தன்மையுடையதாகையால், ஒளி வெளியே கசியாமல் உட்புறமே திரும்பித் திரும்பி முன்னேறுகிறது. இழையில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர்.

கண்ணாடியைப் போதிய அளவு தூய்மை செய்தால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவோ என்னும் அறிஞர். அதற்காக அவருக்கு 2009-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இழை ஒளியியலுக்கு அப்பெயரிட்டு அதை வளர்த்தவர்களுள் பஞ்சாபைச் சேர்ந்த நரீந்தர் சிங் கபானியும் ஒருவர்.

இத்தகைய இழைகள் பலவற்றை நிறக் குறியுடன் மெல்லிய குழாய்களில் அடுக்கி, களிம்பு நிரப்பி, வலிமைக்காக அராமிட் நூலும் கண்ணாடி நார்க் கோலும் சேர்த்து, மேலே கறுப்புப் பாலிதீன் உறையிட்டால் அதுவே வடம். கம்பங்களிற் கட்டுவதற்கென்றே செய்யப்படும் வடத்தில் உலோகம் சிறிதும் இல்லை. இதனை ஊரார் யாவரும் அறியச் செய்வது கிராம அதிகாரிகளின் முதற் கடமையாகும். ஏனெனில், செம்பு இருக்குமென்று எண்ணி வடத்தை அறுத்துச் செல்லும் வழக்கம் பல இடங்களில் நேர்ந்து, பல ஜில்லா ஆட்சியர்கள் இதைக் குறித்து எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றனர். அறுத்தவனுக்கு ஒரு காசும் கிட்டாது. அறுபட்ட ஊரோ இணைப்பின்றி நிற்கும். பழைய இரும்புக் கடைக்காரருக்கும் இதை எடுத்துரைத்தல் நலம்.

ஒளியின் சேதாரக் கணக்கு

மடையில் திறந்துவிட்ட நீர் முழுவதும் கடைமடைக்குச் சேருவதில்லை என்பதை விவசாயிகள் அறிவர். வாய்க்காலின் நீளத்தினாலும், ஓட்டை உடைசலினாலும், கிளை பிரிவதனாலும் நீர் குறைகின்றது. இழையில் செல்லும் ஒளிக்கும் இத்தகைய சேதாரம் உண்டு. அதனை டெசிபல் என்னும் அளவினால் கணக்கிடுவர். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாயிற்று என்றும், 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்றாயிற்று என்றும், 20 டெசிபல் குறைந்தால் நூற்றில் ஒன்றாயிற்று என்றும் கொள்ளவேண்டும்.

உதாரணமாக, ஒன்றிய அலுவலகத்திலிருந்து 12 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஓர் ஊருக்கு வடம் வருவதாகவும், அங்கே ஓர் இழையைப் பிரிப்பான் கொண்டு 32 கிளைகளாக்கி வீடுகளுக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 1,310 நானோமீட்டர் அலை நீளமுள்ள ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் வீதம் 12 கிலோமீட்டருக்குச் சேதாரம் 4.2. வடம் 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுருளாக வருமாயின், இடையில் 5, இரு முனைகளில் 2, ஆக 7 ஒட்டுகள், ஒட்டுக்கு 0.1 வீதம் 0.7. செருகு முனைகள் நான்குக்கு 0.5 வீதம் 2.0. பிரிப்பானில் 17.5. ஆக மொத்தம் 24.4 டெசிபல். அனுப்பிய ஒளியில் ஏறக்குறைய 275-இல் ஒரு பங்கே போய்ச் சேருகிறது என்பது இதன் பொருள். இம்முறையில் வழக்கமாக உபயோகிக்கும் கருவி 28 டெசிபல் வரை சேதாரத்தைத் தாங்கும். மிச்சம் 3.6 மட்டுமே.

இந்தச் சொற்ப மிச்சத்தை அஜாக்கிரதையினால் இழப்பது எளிது. தூசி படிந்த செருகு முனை ஒன்று, ஆணியில் மாட்டி மடக்கிய இழை ஒன்று, அவசரத்திற் செய்த ஒட்டு ஒன்று, இவை சேர்ந்தால் மிச்சம் தீர்ந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல வடம் அறுபடும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டுகள் ஏறுகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அடிக்கடி அறுபடும் தடம் இறுதியில் பயனற்ற தடமாகி, வடத்தையே மாற்ற நேரிடும். ஆதலால் முதலில் தடம் பார்க்கும்பொழுது செலவிடும் ஒரு நாள், பின்னர் பல ஆண்டுகளுக்கு லாபமாகும்.

தடம் பார்த்தல்

முதலாவதாக, இணைக்கவேண்டிய இடங்களைப் பட்டியலிடவேண்டும். ஊராட்சி அலுவலகம் அல்லது கிராம ஊராட்சி சேவை மையம், பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், நூலகம், நியாயவிலைக் கடை, நெல் கொள்முதல் நிலையம் ஆகியவை எங்கெங்கு உள்ளன என்று குறித்துக்கொள்ளவேண்டும். இன்றுள்ள தேவைக்கு மட்டும் இழைகளை எண்ணி இடுதல் சிக்கனமாகாது. தோண்டுவதற்கும் கட்டுவதற்கும் ஆகும் செலவே பெரிது. வடத்தில் இழைகள் சில கூடுவதால் ஆகும் அதிகச் செலவு சிறிது. ஆகவே பிற்காலத்துக்கெனச் சில இழைகளை மிச்சம் விட்டிருப்பது வழக்கம்.

இரண்டாவதாக, வடம் ஒரே கோடாக ஊர் ஊராகச் சென்று முடிகிறதா, அல்லது வளையமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். ஒற்றைக் கோடாயின் நடுவில் அறுபட்டால் அதற்கப்பாலுள்ள ஊர்கள் யாவும் இருளடையும். வளையமாயின் ஒருபுறம் அறுபட்டாலும் மறுபுறமாகச் செய்தி வந்து சேரும். மத்திய சர்க்கார் 2023-ஆம் ஆண்டில் திருத்தியமைத்த பாரத்நெட் திட்டம் இவ்வளைய முறையையே மேற்கொண்டுள்ளது. ஆனால் வளையத்தின் இரு பக்கங்களும் ஒரே கம்ப வரிசையிலோ ஒரே பள்ளத்திலோ செல்லுமாயின் அது பெயரளவில் மட்டுமே வளையம். ஒரு மரம் விழுந்தாலும் இரண்டும் ஒன்றாக அறும். இவ்விஷயத்தை ஊரார் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

மூன்றாவதாக, தடத்தை நடந்தே பார்க்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் புல வரைபடத்துடனும், ஊராட்சிச் செயலர் குடிநீர்க் குழாய் சென்ற வழியின் குறிப்புடனும், ஆயக்கட்டுதாரர்களில் வயதில் மூத்தவர் ஒருவரும் உடன் செல்வது உத்தமம். அப்பொழுது கீழ்க்கண்டவற்றைக் கவனித்துக் குறிக்கவேண்டும்:

1. கண்மாய்க் கரை, மடை, கலிங்கு, வரத்து வாய்க்கால். புதுக்கோட்டை ஜில்லா கண்மாய்களால் நிறைந்தது. கரையைப் பலப்படுத்தும் காலத்தில் பொக்லைன் இயந்திரம் முதலில் தோண்டுவது கரையின் அடியைத்தான். அவ்விடத்தில் வடம் புதைக்கலாகாது. வாய்க்காலைக் கடக்க நேரின், தூர் வாரும் ஆழத்துக்கும் கீழே குழாயினுள் செல்லவேண்டும்.

2. போர்வெல் தண்ணீர்க் குழாய்கள், நிலத்தடியில் மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பிகள். இவை எந்தப் பதிவிலும் இரா, சொந்தக்காரரே சொல்லவேண்டும்.

3. தைலமரக் காடுகளும் முந்திரித் தோப்புகளும். மரம் வெட்டும் பருவத்தில் கனமான லாரிகள் செல்லும் வழியும், வேரோடு பிடுங்கும் இடமும் தவிர்க்கப்படவேண்டும்.

4. சாலை அகலப்படுத்தும் உத்தேசம் உள்ள இடங்கள். அங்கே சாலையின் ஓரத்தை விட்டு எல்லையை ஒட்டியே தடம் செல்லவேண்டும்.

5. சரளை, செம்புறாங்கல், பாறை உள்ள இடங்கள். இவற்றை முன்னமே அறிந்தால் தோண்டும் செலவைச் சரியாக மதிப்பிடலாம். அறியாவிடில் வேலையாட்கள் ஆழத்தைக் குறைத்துவிடுவர்.

பட்டா நிலத்தின் வழியாகச் செல்ல நேர்ந்தால், சொந்தக்காரருடன் உடன்பாடு செய்துகொள்வதே முறை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், அதன்கீழ் 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகளும் இதற்கு வகை செய்கின்றன. வடம் சென்றதனால் நிலத்தின் உரிமை மாறிவிடுவதில்லை. ஆகவே வீணான அச்சத்தால் மறுக்கவும் வேண்டாம். எழுத்தில் ஒன்றுமின்றி வாய்ச்சொல்லை நம்பி இடங்கொடுக்கவும் வேண்டாம். எந்தச் சர்வே எண், எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், வரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி வாங்கிக்கொள்வது இரு திறத்தார்க்கும் நன்மை.

நிலத்தடியில் இடுதல்

பாரத்நெட் முதற்கட்டத்தில் சாதாரண மண்ணில் 1.65 மீட்டர், அதாவது சற்றேறக்குறைய ஐந்தரை அடி ஆழத்தில் குழாய் புதைக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டது. இவ்வளவு ஆழம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். உளிக்கலப்பை ஒன்றரை அடி ஆழம் வரை செல்லும். தென்னங்குழி மூன்றடி. குடிநீர்க் குழாய் மூன்றடிக்குள் இருக்கும். இவையனைத்துக்கும் கீழே வடம் இருந்தால் மட்டுமே விவசாய வேலைகள் தடையின்றி நடக்கும். பாறை குறுக்கிடும் இடத்தில் ஆழத்தைக் குறைத்து, இரும்புக் குழாய் அல்லது கான்கிரீட் காப்பு இடுவதற்கு விதியில் இடமுண்டு. ஆனால் காப்பின்றி ஆழத்தை மட்டும் குறைத்தல் கூடாது. வேலை நடக்கும்பொழுது ஊரார் ஓர் அளவுகோலுடன் சென்று பார்ப்பதில் தவறில்லை. மூடிய பிறகு ஆழத்தை யாரும் காண இயலாது.

முதலில் வெளிக்குறுக்களவு 40 மில்லிமீட்டரும் உட்குறுக்களவு 33 மில்லிமீட்டரும் உள்ள பாலிதீன் குழாயைப் பள்ளத்தில் வளைவு நெளிவின்றிப் பரப்பி, கல் நீக்கிய மண்ணை இட்டு மூடுகின்றனர். பின்னர் காற்றழுத்த இயந்திரத்தின் உதவியால் வடத்தைக் குழாயினுள் ஊதிச் செலுத்துகின்றனர். காற்று வடத்தைத் தாங்கிச் செல்வதால் அதற்கு இழுவிசையின் பாதிப்பு குறைவு. கையால் இழுக்க நேரிட்டால் வடத்தின் குறுக்களவைப்போல் 20 மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைக்கவேண்டும். அதற்கு மேல் மடக்கினால் உள்ளே இழை விரிசல் கொள்ளும். சாலையைக் கடக்கும் இடங்களில் தார்ச்சாலையை வெட்டாமல், கிடைமட்டமாகத் துளையிடும் இயந்திரத்தால் அடியிற் குழாய் செலுத்தலாம்.

சுருள்கள் சேரும் இடத்தில் ஒட்டுக்குழி அமைத்து, இருபுறமும் சில மீட்டர் வடத்தை வளையமாகச் சுற்றி மிச்சம் வைப்பர். பிற்காலத்தில் அறுபட்டால் இழுத்து ஒட்டுவதற்கு இது உதவும். தடம் நெடுகிலும் அடையாளக் கற்கள் நடவேண்டும். இக்கற்கள் வரப்புக் கற்களைப் போலவே மதிக்கப்படவேண்டியவை. உழவின்போது இடைஞ்சலென்று பிடுங்கி எறிந்தால், அடுத்துத் தோண்டுபவனுக்கு எச்சரிக்கை இல்லாமற் போகும்.

கம்பங்களின் வழியே கட்டுதல்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து நம் ஜில்லாவின் வழியாகச் சென்றதை நம்மவர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாதிக்கப்பட்ட ஜில்லாக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. விழுந்த மரங்களைக் கணக்கெடுத்து நிவாரணம் கேட்கவேண்டிய அந்நாட்களில்தான் செய்தித் தொடர்பு மிகுதியாக வேண்டியிருந்தது.

மின்கம்பத்தை நம்பிச் செல்லும் வடத்துக்கு அக்கம்பத்தின் உறுதியே உறுதி. ஆகவே வடம் கட்டுமுன் சாய்ந்த கம்பங்கள், அடி அரித்த கம்பங்கள், இழுவைக் கம்பி தளர்ந்தவை ஆகியவற்றை ஊரார் பட்டியலிட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்துச் சரிசெய்யக் கோரவேண்டும். வயலின் நடுவே நீரில் நிற்கும் கம்பத்தைவிடச் சாலையோரக் கம்பம் மேலானது. பழுது பார்ப்பவர் எந்தக் காலத்திலும் சென்றடையலாம். மின்கம்பிக்கும் வடத்துக்கும் விதித்த இடைவெளி இருக்கவேண்டும். வயல் வழிகளையும் சாலைகளையும் கடக்கும் இடத்தில், வைக்கோல் ஏற்றிய லாரியும் அறுவடை இயந்திரமும் உராயாமல் செல்லும் உயரத்தில் வடம் இருத்தல் வேண்டும். வடத்தை விறைப்பாக இழுத்துக் கட்டுவது பிழை; காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பச் சிறிது தொய்வு வேண்டும். குறித்த கம்பங்களில் மிச்ச வடத்தை வளையமாகச் சுற்றி வைக்கவேண்டும்.

நிலச்சொந்தக்காரர்கள் செய்யவேண்டியவை சில. வடத்தின் மேல் சாயக்கூடிய தென்னை மட்டைகளையும் மரக்கிளைகளையும் ஐப்பசி மழைக்கு முன்னரே, மின்வாரியத்தாருக்குத் தெரிவித்து, மின்சாரம் நிறுத்திய பிறகு கழிக்கவேண்டும். கம்பத்தின் அடியில் கரும்புச் சோகையோ குப்பையோ எரிக்கலாகாது. பாலிதீன் உறை உருகி இழை கெடும். கம்பத்தில் மாடு கட்டுதல், கொடி படர விடுதல் ஆகியவற்றையும் தவிர்க்கவேண்டும்.

ஒட்டுதலும் சோதித்தலும்

இரண்டு இழைகளை ஒட்டுவது நுட்பமான வேலை. உறையை நீக்கி, சாராயத் திரவத்தால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, இயந்திரத்தில் எதிரெதிரே வைத்து, மின்பொறியினால் உருக்கி ஒன்றாக்குகின்றனர். நல்ல ஒட்டில் சேதாரம் 0.1 டெசிபலுக்கும் குறைவே. தூசியும் ஈரமும் இதற்குப் பகை. ஆதலால் மழையில் திறந்த வெளியில் ஒட்டச் செய்து அவசரப்படுத்தக் கூடாது. வெட்டிய கண்ணாடித் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாதபடி சிறியவை; காலில் தைத்தால் எடுப்பது அரிது. அவற்றை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். அறுந்து கிடக்கும் இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது, ஆயினும் கண்ணைக் கெடுக்கும். சிறுவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்லிவைக்கவேண்டும்.

வடம் இட்டு முடிந்ததும் ஓ.டி.டி.ஆர். என்னும் கருவியால் சோதிக்கின்றனர். இழையினுள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொளியை அளப்பது இதன் தொழில். ஒரு கிலோமீட்டர் சென்று திரும்ப ஒளிக்கு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்நேரத்தைக் கொண்டு அறுபட்ட இடத்தைச் சில மீட்டர் பிசகுக்குள் சொல்லிவிடலாம். ஆனால் கருவி சொல்லுவது வடத்தின் நீளத்தையே. தரையின் தூரத்தை அன்று. ஒட்டுக்குழிகளிலும் கம்பங்களிலும் சுற்றி வைத்த மிச்ச வடமும் அதில் சேரும். எந்த இடத்தில் எத்தனை மீட்டர் மிச்சம் என்ற பதிவு இல்லாவிடில், பழுது பார்க்க வந்தவர் வேறிடத்திலே தோண்டுவார். எனவே வேலை முடிந்தவுடன் தட வரைபடம், ஒட்டுக்குழிகளின் இடம், மிச்ச வடத்தின் அளவு, முதற் சோதனையின் கணக்கு ஆகியவற்றின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்று ஊராட்சி அலுவலகத்தில் பத்திரப்படுத்தவேண்டும்.

ஊர் முனையில் உள்ள கருவி

வடம் வந்து சேரும் அறையில் திசைவி, மின்சேமிப்புக் கருவி முதலியவை ஓர் இரும்பு அடுக்கில் பொருத்தப்படுகின்றன. வடம் செவ்வனே இருந்தும் இணைப்பு நின்றுபோவதற்குப் பெருங்காரணம் இவ்வறையின் குறைகளே. கூரை ஒழுகாத அறை, சரியான நிலத்தொடர்பு, தனி மின்சுவிட்சு, காற்றோட்டம் ஆகிய நான்கும் வேண்டும். எலியும் பெருச்சாளியும் வடத்தைக் கடிக்குமாகையால், அது சுவரினுள் நுழையும் துவாரத்தைச் சிமெண்டினால் அடைக்கவேண்டும். அக்கருவியின் மின்செருகியைப் பிடுங்கி வேறொன்றைச் செருகும் பழக்கம் அறவே கூடாது. அறையின் சாவி ஒருவரிடத்தில் மட்டும் இருந்து, அவர் வெளியூர் சென்றால் பழுது பார்க்க வந்தவர் திரும்பிப் போக நேரும். ஆகையால் மற்றொரு சாவி ஊராட்சிச் செயலரிடம் இருத்தல் நன்று.

தோண்டுமுன் தெரிவித்தல்

குடிநீர்க் குழாய் பதிக்கவோ, சாக்கடை அமைக்கவோ, கண்மாய் தூர் வாரவோ இயந்திரம் கொண்டு தோண்டும் முன், அவ்விடத்தில் வடம் உண்டா என்று விசாரிக்கவேண்டும். இதற்கென மத்திய சர்க்கார் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘தோண்டுமுன் அழையுங்கள்’ என்னும் பொருள்படும் பெயருடைய செல்பேசிச் செயலி ஒன்றை வெளியிட்டுள்ளது. தோண்டவிருக்கும் இடத்தை அதில் குறித்தால், அங்கே வடமோ குழாயோ உடைய நிறுவனங்களுக்குச் செய்தி செல்லும். ஊராட்சி வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்பொழுதே இந்நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். வடத்துக்குச் சேதம் விளைவிப்பவர் நஷ்டஈடு செலுத்தவேண்டுமென்பது சட்டம். பொக்லைன் ஓட்டுநருக்கும் இதைத் தெரிவித்துவிடுவது நன்று.

விவசாயிக்கு என்ன பயன்?

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிவு செய்யும் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் மாத நடுவில் வருகிறது. அடைமழையும் புயலும் வருவதும் அப்பொழுதே. அந்த நாளில் சேவை மையத்தில் இணைப்பு இல்லாவிடில், பிரீமியத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டே விவசாயி பதிவின்றித் திரும்புகிறான். பின்னர் பயிர் மூழ்கினால் அவனுக்கு ஈடு கேட்க வழியில்லை. இணைப்பு அறுபடுவதால் வரும் நஷ்டத்தை ரூபாய்க் கணக்கில் காண்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

மேலும், உளுந்தில் மஞ்சள் தேமல் கண்டவுடன் இலையின் படத்தை நம் அருகிலுள்ள வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தாருக்கு அனுப்பி யோசனை கேட்கலாம். நோயைப் பரப்பும் வெள்ளை ஈ பெருகுவதற்கு முன் ஒரு வாரம் கிடைத்தாலும் அது பெரிய லாபம். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய மின்னணு தேசியச் சந்தையின் விலைகளையும், 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த உழவன் செயலியிலுள்ள மானிய விவரங்களையும் ஊரிலிருந்தே அறியலாம். பட்டணம் சென்று வரும் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும்.

கண்மாய்க்குக் கரையும் மடையும் கட்டித் தருவது சர்க்காராயினும், கரையைக் காப்பதும் வாய்க்காலை ஒழுங்கு செய்வதும் ஆயக்கட்டுதாரரின் பொறுப்பாகவே நெடுங்காலமாய் இருந்துவந்தது. கண்ணாடி இழை வடமும் இத்தகையதொரு பொதுச் சொத்தேயாம். தடம் பார்க்கும் நாளில் உடன் நடத்தல், ஆழத்தை அளந்து பார்த்தல், வரைபட நகலைக் கேட்டு வாங்குதல், மழைக்கு முன் கிளை கழித்தல், தோண்டுமுன் தெரிவித்தல் ஆகிய இவ்வைந்தும் பணச் செலவு மிகுதியாக இல்லாதவை. வடம் இன்னும் வாராத ஊரார் தடம் பார்க்குமுன்னும், வந்துவிட்ட ஊரார் அடுத்த ஐப்பசிக்கு முன்னும் இவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் வைத்து ஆலோசித்து, தத்தம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடுகளைச் செய்துகொள்வார்களென நம்புகிறோம்.